ஓசோனை அளந்த கதை: கோடைக்கானலும் செயற்கைக்கோளும்

மேடைப் பேச்சாளர்கள் விரும்பிச் சொல்லும் அறிவியல் கதை ஒன்று உண்டு. அண்டார்க்டிகாவின் வானில் ஓசோன் ஆண்டுதோறும் தேய்ந்து வந்ததை அமெரிக்கச் செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டே இருந்ததாம். ஆனால் ‘இவ்வளவு குறைவாக இருக்க முடியாது’ என்று முன்பே சொல்லிவைக்கப்பட்டிருந்த கணினி அந்த எண்களையெல்லாம் குப்பையில் தள்ளிவிட்டதாம். கடைசியில், அரதப் பழசான கருவி ஒன்றை வைத்துக்கொண்டு பனிக்கட்டிமேல் காத்திருந்த ஆங்கிலேயர்கள் மூவர் 1985 இல் உண்மையைக் கண்டறிந்து, நாசாவின் முகத்தில் கரியைப் பூசினார்களாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. இயந்திரத்தை நம்பாதே என்ற நீதியும் இலவச இணைப்பாகக் கிடைத்துவிடுகிறது. குறை ஒன்றுதான்: நடந்தது அதுவன்று.

நடந்தது இதைவிடச் சுவையானது. செயற்கைக்கோள் ஒருமுறை உண்மையைக் கண்டது. அதன் சொந்தக்காரர்கள் தயங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் அதே செயற்கைக்கோள் இல்லாத ஒன்றையும் கண்டது. இம்முறை சிலர் தயங்காமல் நம்பினார்கள். இரண்டு வழக்கையும் தீர்த்துவைக்கத் தரையில் நின்ற கருவிகளின் சாட்சியம் தேவைப்பட்டது. உலகெங்கும் பரவியிருக்கும் அந்தத் தரைச் சாட்சிகளின் வரிசையில் நம் கோடைக்கானலுக்கு நெடுங்காலமாக ஓரிடம் உண்டு. செயற்கைக்கோளின் கணக்கு முறையிலும் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்த ஒருவருடைய ஆய்வுப் பரம்பரையின் கைவண்ணம் இருக்கிறது. ஆகவே விண்வெளியை விட்டுவிட்டு மலையிலிருந்து தொடங்குவதே முறை.

தொடங்குமுன் சொற்களைப் பற்றிச் சிறிது. ‘ஓசோன் படலம்’ என்கிறோம். கம்பனைப் பாடம் நடத்துவோருக்குப் படலம் என்றால் காப்பியத்தின் உட்பிரிவு. வீட்டுப் பெரியவர்களுக்கோ முதுமையில் கண்ணை மறைக்கும் திரை. வானில் அப்படியொரு துணி விரிந்து கிடக்கவில்லை. தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில், மற்ற வாயுக்களோடு கலந்து, பத்து இலட்சம் மூலக்கூறுகளுக்குச் சில மூலக்கூறுகள் என்ற அளவில் ஓசோன் சிதறிக் கிடக்கிறது. நம் தலைக்கு மேலுள்ள அவ்வளவையும் திரட்டி, கடல்மட்ட அழுத்தத்தில், சுழியம் பாகை வெப்பநிலையில் அடுக்கினால் 3 மில்லிமீட்டர் கனம் தேறும். இந்த 3 மில்லிமீட்டரைத்தான் 300 டாப்சன் அலகு என்கிறார்கள். ‘ஓட்டை’ என்பதும் அப்படியே. துணியே இல்லாத இடத்தில் ஓட்டை ஏது? 300 அலகு இருக்கவேண்டிய இடத்தில் 150 இருந்தால் அதை ஓட்டை என்று பத்திரிகைகள் அழைத்தன, பெயர் நிலைத்துவிட்டது.

இந்த அலகுக்குப் பெயர் தந்த டாப்சன், ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். கருவிகளைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் இயல்பினர். அவர் பயன்படுத்திய தத்துவம் எளியது. சூரியனின் புறஊதாக் கதிர்களில் சில அலைநீளங்களை ஓசோன் பெருமளவு விழுங்குகிறது. சற்றே நீண்ட அலைநீளங்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. 305 நானோமீட்டரை ஒட்டிய ஒளியையும் 325 நானோமீட்டரை ஒட்டிய ஒளியையும் ஒரே சமயத்தில் அளந்து விகிதம் கண்டால், சூரியனுக்கும் நமக்கும் நடுவே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். ஒரே அலைநீளத்தை அளந்தால் தூசியும் மூட்டமும் கணக்கைக் குழப்பும். இரண்டை ஒப்பிட்டால் அக்குழப்பத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும். இன்னோர் இணை அலைநீளங்களையும் சேர்த்துக்கொண்டால் மிச்சமும் ஏறக்குறையக் கழிந்துவிடும். (இந்த ‘இணை’ என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் ஒரு பெரிய வழக்கில் இதுதான் துப்புக் கொடுக்கப்போகிறது.)

1920களின் நடுவில் டாப்சன் தம் முதல் கருவிகளை ஐரோப்பாவில் வைத்து அளந்தார். 1928 வாக்கில் அவற்றை உலகின் பல மூலைகளுக்கும் இடம் மாற்றினார். கலிபோர்னியாவின் மேசைமலை, எகிப்தின் ஹெல்வான், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், பிறகு நம் கோடைக்கானல். சூரியனை ஆராய்வதற்காகவே 1899 முதல் இயங்கிவந்த வானாய்வகம் அங்கே இருந்தது. 2343 மீட்டர் உயரம், தூசு குறைந்த வானம். ஓசோனை அளப்பவனும் சூரியனைத்தானே பார்க்கவேண்டும்? அக்காலக் கருவி ஒளியைக் கண்ணாடித் தகட்டில் புகைப்படமாகப் பதிந்தது. உலகெங்கும் பதிவான தகடுகள் கப்பலேறி ஆக்ஸ்ஃபோர்டு சென்றன; அங்கேதான் அவற்றைக் கழுவிப் படித்தார்கள். கோடையின் வானில் ஒரு பகலில் எவ்வளவு ஓசோன் இருந்தது என்பது வாரங்கள் கழித்து இங்கிலாந்தில் தெரியவந்தது.

வந்த விடை எதிர்பாராதது. வடக்கே ஐரோப்பாவில் ஓசோன் வசந்தத்தில் ஏறியும் இலையுதிர் காலத்தில் இறங்கியும் ஊசலாடியது. கோடைக்கானலிலோ அளவு குறைவு. ஆண்டு முழுவதும் பெரிய மாற்றமும் இல்லை. இதில் ஒரு புதிர் ஒளிந்திருந்தது. சூரிய ஒளி ஆக்சிஜனைப் பிளப்பதால் ஓசோன் உருவாகிறது என்று 1930 இல் சாப்மன் விளக்கினார். அப்படியானால் வெயில் கொளுத்தும் நம் வெப்பமண்டலத்தில் அல்லவா அது மிகுந்திருக்கவேண்டும்? விளைகிற ஊரில் நெல் இல்லை, விளையாத ஊரில் குதிர் நிறைந்திருக்கிறது என்றால் நடுவே வண்டி ஓடுகிறது என்றுதானே பொருள்! வெப்பமண்டலத்தில் காற்று மெல்ல மேலேறி, துருவப் பக்கம் நகர்ந்து, அங்கே கீழிறங்குகிறது; விளைந்த ஓசோனை உடன் ஏற்றிச் செல்கிறது. இந்தச் சுழற்சியை 1949 இல் பிரூவரும் 1956 இல் டாப்சனும் வகுத்துரைத்தனர். இன்றும் அதற்கு அவ்விருவர் பெயர்தான். வெப்பமண்டலத்திலிருந்து வந்த ‘குறைவு’ என்ற சொல் இல்லாமல் அந்த வாதம் நின்றிருக்காது.

அதே வாதத்துக்கு மற்றொரு சான்றும் இந்தப் பக்கமிருந்தே கிடைத்தது. கே.ஆர். இராமநாதன் கல்பாத்தியில் 1893 இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். கல்கத்தாவில் சர் சி.வி. இராமனோடு ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர். 1925 இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பூமியைச் சூழ்ந்த காற்றின் கீழடுக்குகளில் மிகக் குளிர்ந்த பகுதி துருவத்துக்கு மேலே இல்லை, நிலநடுக்கோட்டுக்கு மேலேதான், ஏறத்தாழ 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று 1929 இல் அவர் எடுத்துக்காட்டினார். மேலேறும் காற்று இந்தக் குளிர்வாசலில் தன் ஈரத்தையெல்லாம் உதிர்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறது. அதனால்தான் அதற்கு மேலுள்ள காற்று அவ்வளவு உலர்ந்து கிடக்கிறது. பிரூவர் பின்னாளில் தம் வாதத்தைக் கட்டியது இந்த உலர்வின் மேல்தான். வாழ்நாள் விருதுகளின் பட்டியலில் இராமநாதனுக்குப் பத்ம விபூஷண் (1976) உண்டு. ஆனால் தமிழ்ப் பாடநூல்களில் அவர் பெயரைத் தேடினால் இராமனின் மாணவர் என்ற ஒற்றை வரிக்கு மேல் கிடைப்பது அரிது. இது வருத்தத்துக்குரியது.

1948 இல் வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். ஓசோன் அங்கே அவருடைய முழுநேரக் காதலாயிற்று. மொத்தம் எவ்வளவு என்பது டாப்சன் கருவிக்குத் தெரியும். எந்த உயரத்தில் எவ்வளவு என்பதை எப்படி அறிவது? சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கெட்ஸ் 1929 இல் வடதுருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பெர்கனில் ஒரு விந்தையைக் கவனித்திருந்தார். சூரியன் சாயச் சாய, உச்சிவானிலிருந்து வரும் குறுகிய அலைநீள ஒளி நீண்ட அலைநீள ஒளியைவிட விரைந்து மங்குகிறது. சூரியன் அடிவானத்தை நெருங்கும்போது ஒரு கட்டத்தில் இந்தப் போக்கு தலைகீழாகிறது. ‘உம்கேர்’ என்று ஜெர்மன் மொழியில் பெயரிட்டார். திருப்பம் என்பது பொருள். அந்தத் திருப்பத்தின் வடிவத்துக்குள் ஓசோன் எந்தெந்த உயரத்தில் எவ்வளவு என்ற செய்தி மறைந்திருக்கிறது. மறைந்திருப்பதைக் கணக்குப் போட்டு வெளியே எடுப்பதுதான் கடினம். இராமநாதனும் அவருடைய இளம் கூட்டாளி ஜே.வி. தவேயும் அதற்கு வகுத்த கணக்குமுறை 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டிப் பல நாட்டு நிலையங்களுக்கும் வழிகாட்டியாக வெளியிடப்பட்டது. கோடைக்கானலில் டாப்சன் ஒளிமானி நிலையாக அளக்கத் தொடங்கியதும் 1957 இல்தான். அக்காலத்திலேயே, சென்னையில் படித்து வானிலைத் துறையில் உயர்ந்த அன்னா மணியின் தலைமையில் பலூனில் கட்டி ஏற்றும் ஓசோன் மானியையும் உருவாக்கத் தொடங்கினர். அத்துறையின் ஸ்ரீதரன் அமைத்த இந்திய மானி 1960களின் இறுதியில் பயனுக்கு வந்தது. அதைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

இனி விண்ணுக்குப் போகலாம். 1957 இல் சிங்கரும் வென்ட்வொர்த்தும் ஒரு யோசனை சொன்னார்கள்: கீழிருந்து மேலே பார்ப்பதற்குப் பதிலாக மேலிருந்து கீழே பாருங்கள், பூமி திருப்பிச் சிதறும் புறஊதா ஒளியில் ஓசோனின் தடம் தெரியும். உம்கேரைக் கவிழ்த்துப் போட்டது போன்ற யோசனை இது. அதை மொத்த ஓசோனுக்கான கணக்காக மாற்றிக் காட்டிய 1967 ஆம் ஆண்டின் ஆய்வுக்கட்டுரையை எழுதியவர்கள் இருவர்: ஒருவர் கனடாவின் மாட்டீர், மற்றவர், அதற்குள் அமெரிக்கா சென்றுவிட்ட நம் தவே! ஒளி காற்றுக்குள் மீண்டும் மீண்டும் சிதறுவதைக் கணிக்க அவர் 1964 இல் தந்த வழி, பின்னாளில் நாசாவின் ஓசோன் கணிப்பு நிரல்களுக்கு அடித்தளமாயிற்று. அகமதாபாதில் அந்திவானைப் பார்த்துப் பழகிய கணக்கு, 1970 ஏப்ரலில் நிம்பஸ்-4 உடன் விண்ணேறியது எனலாம்.

1978 அக்டோபர் 24 அன்று ஏவப்பட்ட நிம்பஸ்-7 தான் நம் கதையின் நாயகன். அதிலிருந்த ‘டோம்ஸ்’ என்ற கருவி ஆறு அலைநீளங்களில் பூமியைப் பக்கவாட்டில் வருடிக்கொண்டே போனது. ஒரு நாளில் ஏறத்தாழ 2 இலட்சம் அளவீடுகள். வெயில் படும் உலகம் முழுவதன் ஓசோன் படமும் நாள்தோறும் கிடைத்தது. ஆனாலும் அதன் பார்வை அவ்வளவு கூரியதன்று. நேர்கீழே ஓர் அளவீடு மூடும் பரப்பு ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு 50 கிலோமீட்டர். திருமுல்லைவாயிலை நடுவாக வைத்து அப்படியொரு சதுரம் வரைந்தால் சென்னைத் துறைமுகம், செங்குன்றம் ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி, பூவிருந்தவல்லி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மாசிலாமணீசுவரர் கோயிலுக்கும் துறைமுகத்துக்கும் ஒரே எண்தான். (2017 இல் ஏறிய ஐரோப்பிய ‘ட்ரோபோமி’ கருவி 2019 முதல் 5.5 கிலோமீட்டருக்கு 3.5 கிலோமீட்டர் என்ற துல்லியத்தில் பார்க்கிறது. ஆவடியையும் அம்பத்தூரையும் அது பிரித்தறியும்.)

புறநானூற்றின் 30 ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் வழியையும் வானத்தின் நிலையையும் நேரில் போய் அளவெடுத்து வந்தவர்கள் போலப் பேசுவோரைக் குறிப்பிடுகிறார். சங்கப் புலவர்களுக்குச் செயற்கைக்கோள் தெரியும் என்று நான் நிறுவ வரவில்லை; அப்படி நிறுவுவோர் ஏற்கெனவே போதுமான அளவில் இருக்கிறார்கள். அந்த ‘போல’ என்ற உவமை உருபைத்தான் நினைத்துக்கொள்கிறேன். செயற்கைக்கோளும் ஓசோனுக்குள் போய் அதை அள்ளிப் பார்ப்பதில்லை. 955 கிலோமீட்டர் உயரத்தில் நின்று, வந்த ஒளியையும் போன ஒளியையும் ஒப்பிட்டு, நடுவே இவ்வளவு இருந்திருக்கவேண்டும் என்று ஊகிக்கிறது. ஊகத்தில் எங்கெல்லாம் பிழை நுழையலாம் என்பதே மீதிக் கதை.

முதல் வழக்கு. டோம்ஸ் தரவுகளைச் சரிபார்க்கும் நிரலில், 180 அலகுக்குக் கீழே வரும் எண்களுக்கு ஐயக்குறி இடும்படி அமைத்திருந்தனர். அதுவரை உலகில் எங்கும் அவ்வளவு குறைந்த அளவு பதிவானதில்லை என்பதால் அது முட்டாள்தனமன்று; பட்டியல் போடும் எவரும் செய்வதுதான். எண்கள் அழிக்கப்படவும் இல்லை, குறியோடு சேமிக்கப்பட்டன. 1984 இல், முந்தைய ஆண்டு அக்டோபருக்கான தரவுகளைப் பார்த்தபோது ஐயக்குறிகள் திடீரெனப் பெருகியிருந்தன. எல்லாம் அண்டார்க்டிகாவின் மேலேயே குவிந்திருந்தன. கணக்குமுறைக்குப் பொறுப்பான பவன் பார்த்தியாவும் அவருடைய குழுவினரும் கவனித்தார்கள். கருவி கெட்டுவிட்டதா, வானம் கெட்டுவிட்டதா? தரைச் சாட்சியைத் தேடினார்கள். தென்துருவத்திலேயே அமெரிக்கரின் டாப்சன் கருவி ஒன்று இருந்தது. அது அந்த மாதத்துக்குச் சொன்ன எண் ஏறத்தாழ 300! செயற்கைக்கோள் 200க்கும் கீழே என்கிறது; தரை 300 என்கிறது. யாரை நம்புவது?

அந்தத் தரைக்கருவி தவறான அலைநீள அமைப்பில் இயக்கப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. சாட்சி பொய் சொல்லவில்லை. தவறான திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கிடையே ஜப்பானியரின் ஸ்யோவா நிலையத்தில் 1982 இல் தாம் கண்ட குறைவைச் சுபாச்சி 1984 செப்டம்பரில் கிரேக்கத்தில் நடந்த கருத்தரங்கில் வைத்தார். அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஹாலி விரிகுடாவில் 1957 முதல் அளந்துவந்த பிரித்தானியக் குழுவின் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் தம் கட்டுரையை நேச்சர் இதழுக்கு அனுப்பினர். அது 1984 டிசம்பர் 24 அன்று இதழுக்குக் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 31 அன்று, இராமநாதன் தம் 91 ஆம் வயதில் காலமானார். ஓசோனை அளப்பதில் அரை நூற்றாண்டைச் செலவிட்ட மனிதர் அந்தச் செய்தியை அறியாமலே போனார் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

கட்டுரை 1985 மே 16 இல் வெளிவந்தது. ஹாலியின் அக்டோபர் ஓசோன் 300 அலகை ஒட்டிய அளவிலிருந்து 200க்கு வீழ்ந்திருந்தது. பார்த்தியாவின் குழு தன் படங்களை அந்த ஆகஸ்டில் பிராகா நகரக் கூட்டத்தில் காட்டியது. ஸ்டோலார்ஸ்கி முதலானோரின் கட்டுரை 1986 இல் வந்தது. ஹாலியில் நின்றவர்களுக்குத் தங்கள் தலைக்கு மேலே குறைகிறது என்று மட்டும் தெரியும். அது ஒரு கண்டத்தையே மூடும் அளவு விரிந்தது என்பதைச் சொல்லச் செயற்கைக்கோளால்தான் முடிந்தது. குப்பைத்தொட்டிக் கதையைச் சொல்பவர்கள் இந்த இரண்டாம் பாதியை எப்போதும் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் வழக்கு இதற்கு நேர்மாறானது. என் பார்வையில் இதுவே முக்கியமானதும்கூட. அண்டார்க்டிகா அதிர்ச்சிக்குப் பிறகு, உலகம் முழுவதும் ஓசோன் குறைகிறதா என்ற கேள்வி எழுந்தது. நிம்பஸ்-7இன் சேமித்த தரவுகள் ‘ஆம்’ என்றன: 1979 முதல் மொத்த ஓசோன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது, 50 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு! மெய்யானால் பேரழிவு. முன்பு குறைந்த எண்ணை நம்பத் தயங்கியதற்காக ஏச்சு வாங்கியிருந்த காலம். இப்போது குறைந்த எண்ணை மறுக்க யாருக்குத் துணிவு வரும்?

ஆனால் கருவியின் உள்ளே ஒரு சிக்கல் இருந்தது. பூமியிலிருந்து வரும் ஒளியை மட்டும் அளந்து பயனில்லை; சூரியனிலிருந்து வரும் ஒளியையும் அதே கருவியால் அளந்து விகிதம் காணவேண்டும். சூரியனை நேராகப் பார்த்தால் கருவி தாங்காது. எனவே சொரசொரப்பாக்கிய அலுமினியத் தகடு ஒன்றை வெயிலில் நீட்டி, அதில் பட்டுச் சிதறும் ஒளியை அளந்தார்கள். விண்வெளியின் கடும் புறஊதா ஒளியில் அத்தகடு நாளாக நாளாக மங்கியது. எல்லா அலைநீளத்திலும் ஒரேபோல் மங்கியிருந்தால் விகிதத்தில் கழிந்திருக்கும். குறுகிய அலைநீளத்தில்தான் அதிகம் மங்கியது. விளைவைப் பாருங்கள்: குறுகிய அலைநீளத்தில் சூரியன் குறைவாகத் தெரிகிறது; ஆகவே பூமி அதில் அதிகமாகத் திருப்பி அனுப்புவதுபோல் கணக்கு வருகிறது; அதிகம் திரும்பி வருகிறதென்றால் விழுங்குவதற்கு ஓசோன் குறைந்துவிட்டது என்று பொருள்! ஓசோன் படலத்தைப் பார்க்கப்போன கண்ணிலேயே படலம் விழுந்திருந்தது. தன் பார்வை மங்குவதை உலகம் மங்குவதாக அது அறிவித்துக்கொண்டிருந்தது.

1988 மார்ச்சில் முடிவுகளை வெளியிட்ட ஓசோன் போக்கு ஆய்வுக்குழு, உலகின் டாப்சன் நிலையங்களுடைய பழைய ஏடுகளைத் தூசிதட்டி மறுகணக்குப் போட்டது. செயற்கைக்கோள் சொன்ன பெருவீழ்ச்சியின் பெரும்பகுதி தகட்டின் மூப்பு. ஆனால் முழுவதும் அன்று. வடகோளத்தின் நடு அகலாங்குகளில் 1969க்கும் 1986க்கும் இடையே 1.7 முதல் 3 விழுக்காடு வரை உண்மையாகவே குறைந்திருந்தது. குறைவு பொய் என்று குதித்தவர்களுக்கும் இதில் வெற்றியில்லை; உலகம் முடிந்தது என்றவர்களுக்கும் இல்லை. மான்ட்ரியல் உடன்படிக்கை 1987 செப்டம்பரிலேயே கையெழுத்தாகியிருந்தது; அதை இறுக்கலாமா, தளர்த்தலாமா என்று அரசுகள் விவாதித்த காலத்தில் இந்தத் திருத்தம் வந்தது என்பதை நினைத்தால், அலுமினியத் தகடு ஒன்றின் மூப்பில் எவ்வளவு தொங்கிக்கொண்டிருந்தது என்பது விளங்கும்.

சரி, விண்ணில் சுற்றும் கருவியின் கண்ணை எப்படிச் சோதிப்பது? கழற்றிக் கொண்டுவர முடியாது. இங்கேதான் முன்பு சொன்ன ‘இணை’ வருகிறது. டோம்ஸ் கருவியின் ஆறு அலைநீளங்களைக் கொண்டு வெவ்வேறு இணைகளாக ஓசோனைக் கணக்கிடலாம். ஒரே இடம், ஒரே நொடி. எந்த இணையால் கணக்கிட்டாலும் ஓசோன் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். தகடு மங்கியிருந்தால் ஒவ்வோர் இணையும் வெவ்வேறு அளவில் பிழைபடும். விடைகள் ஆண்டுக்காண்டு விலகிக்கொண்டே போகும். அந்த விலகலின் அளவைக் கொண்டு மங்கலின் அளவைப் பின்னோக்கிக் கணக்கிட்டுத் திருத்தினார்கள். இரண்டு சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்து வாக்குமூலங்களை ஒப்பிடும் பழைய பஞ்சாயத்து முறைதான்! திருத்திய தரவுகள் ஹவாயின் மௌனா லோவாவில் ஒப்பிடப்பட்ட உலக முதன்மை டாப்சன் கருவியோடு நெருங்கிப் பொருந்தின.

கருவி செய்வோரும் பாடம் கற்றனர். 1991 ஆகஸ்டில் சோவியத்தின் மீட்டியார்-3 இல் ஏறிய அடுத்த டோம்ஸில் மூன்று தகடுகள் இருந்தன: ஒன்று எப்போதும் வெயிலில், ஒன்று அவ்வப்போது, ஒன்று மிக அரிதாக. மூன்றையும் ஒப்பிட்டால் மூப்பு தெரிந்துவிடும். 1989க்கும் 1996க்கும் இடையே விண்ணோடத்தில் எட்டு முறை ஒரு கருவியை ஏற்றி இறக்கினர். போகுமுன்னும் வந்தபின்னும் ஆய்வகத்தில் சோதித்த அதன் கண்ணைக் கொண்டு மற்றச் செயற்கைக்கோள்களின் கண்ணைச் சோதித்தனர். இந்தியாவும் 2013 இல் ஏவிய இன்சாட்-3டி முதலாக அகச்சிவப்புக் கதிரால் ஓசோனை அளக்க முற்பட்டது. அம்முறைக்குச் சூரியன் தேவையில்லை, இரவிலும் பார்க்கலாம். ஆனால் வெப்பநிலையைத் துல்லியமாக அறிந்திருக்கவேண்டும் என்பது அதன் பாடு.

தரைக்கருவியோடு ஒப்பிடுவது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். கோடைக்கானலையே எடுத்துக்கொள்வோம். அங்கே நிற்கும் ஒளிமானி 2343 மீட்டருக்கு மேலே உள்ள ஓசோனை மட்டுமே பார்க்கிறது. செயற்கைக்கோளின் அகன்ற சதுரத்துக்குள்ளோ பெரியகுளமும் வத்தலக்குண்டும் சேர்ந்து விழுகின்றன. மலைக்குக் கீழே சமவெளியில் கிடக்கும் ஓசோனும் கணக்கில் ஏறிவிடுகிறது. வித்தியாசம் சில அலகுகள்தான். ஆனால் 260 அலகுள்ள வானத்தில் 1 விழுக்காடு என்பதே இரண்டரை அலகு! மலைநிலையத்தை ஒப்பிடுவோர் இந்தச் சில அலகுகளைக் கழித்துக்கொண்டே பேசவேண்டியிருக்கிறது.

இந்தக் கீழ்க்காற்று ஓசோன் மற்றொரு வகையிலும் தொல்லை. மேலே இருப்பது நம்மைக் காப்பது. கீழே, வண்டிப்புகையும் வெயிலும் சேர்ந்து சமைப்பது மூச்சுக்குழலை அரிப்பது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் மே மாதப் பிற்பகலில் நாம் சுவாசிப்பதும் ஓசோன்தான். செயற்கைக்கோளுக்கு இரண்டும் ஒரே வாயு, கூட்டிச் சொல்லிவிடும். பிரிப்பது எப்படி? ஜீம்கே, சந்திரா, பார்த்தியா மூவரும் 1998 இல் ஓர் அழகான வழி சொன்னார்கள். மேகம் தனக்குக் கீழுள்ளதை மறைப்பதால் ஓசோன் அளப்போர் அதுவரை மேகத்தைச் சபித்துவந்தனர். வெப்பமண்டலத்தின் உயர்ந்த மழைமேகங்களின் மேலே அளந்தால் மேலடுக்கு ஓசோன் மட்டும் தெரியும். மேகமற்ற இடத்தில் அளந்தால் மொத்தமும் தெரியும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கீழடுக்கின் பங்கு! குறை என்று ஒதுக்கியதையே அளவுகோலாக்கிய இந்த உத்தியைப் படித்தபோது எனக்கு ஒரு நல்ல சிலேடையைக் கேட்ட மகிழ்ச்சி உண்டாயிற்று.

இவ்வளவு நுணுக்கம் இன்றும் எதற்கு என்று கேட்கலாம். ஓட்டை அடைபட்டு வருகிறது என்றுதானே செய்திகள் சொல்கின்றன? உண்மைதான். உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் முன்னின்று தந்த 2022 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இப்போதைய கொள்கைகள் தொடர்ந்தால் அண்டார்க்டிகாவில் 2066 வாக்கிலும் ஆர்க்டிக்கில் 2045 வாக்கிலும் உலகின் மற்றப் பகுதிகளில் 2040 வாக்கிலும் ஓசோன் 1980 இன் நிலைக்குத் திரும்பக்கூடும். ஆனால் தேய்ந்தது விரைவு, வளர்வது மெதுவு. துருவங்களுக்கு வெளியே பத்தாண்டுக்கு ஒரு விழுக்காடும் எட்டாத மாற்றத்தைத் தேடுகிறோம். நம் வெப்பமண்டலத்தின் மேலேயோ உயரடுக்கில் ஏறுவதும் அதற்குக் கீழடுக்கில் இறங்குவதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. மொத்த அளவைப் பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காததுபோல் தோன்றும். இதற்கிடையில் ஒரு செயற்கைக்கோளின் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டு. நிம்பஸ்-7இன் டோம்ஸ் 1993 மே மாதத்தில் ஓய்ந்தது. 2004 இல் ஏறிய ஆரா அதன் பணியை ஏற்றது. 2011, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் ஏறிய அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் ‘ஓம்ப்ஸ்’ என்ற கருவியைச் சுமந்து அதைத் தொடர்கின்றன. ஒன்றின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் மூட்டுத் தெரியாமல் இணைக்கவேண்டும். மூட்டில் ஒரு விழுக்காடு பிசகினால் பத்தாண்டின் ஏற்றமும் இறக்கமும் அந்தப் பிசகுக்குள் காணாமற்போய்விடும்.

ஓம்ப்ஸ் கருவியில் இப்போது இரண்டு தகடுகள் இருக்கின்றன. ஒன்று வேலை செய்வது. முறை வைத்துச் சூரியனைப் பார்ப்பது. மற்றொன்று முதல் தகட்டின் மூப்பைச் சோதிப்பதற்காகவே வைத்திருப்பது. ஆண்டில் மிகச் சில வேளைகள் மட்டும் அதை வெயிலுக்கு நீட்டுகிறார்கள். மற்ற நாள்களெல்லாம் அது இருட்டில் மூடியே கிடக்கிறது.